என்னைப் பிடித்தும் பிடிக்காமலும் நடக்க வைத்தவர்களுக்கு

பக்கவாதம் வந்து 11 மாதமாகிறது. நேற்று தெருமுனை வரை கைத்தடி இல்லாமல் போய் வந்தேன். உட்கார்ந்து மூச்சு வாங்கியதும் உங்களுக்குத்தான் எழுதத் தோன்றியது.

பிசியோ மேடம், முதல் நன்றி உங்களுக்கு. அதுவரை எல்லோரும் "முட்டியை மடக்குங்க, பாதத்தைத் தூக்குங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். சொல்லச் சொல்ல இடது கால் இன்னும் விறைக்கும். நீங்கள் தரையில் குறுக்கே கலர் டேப் ஒட்டி, "கோட்டைத் தாண்டி வையுங்க, போதும்" என்றீர்கள். காலை மறந்து கோட்டைப் பார்த்தேன். முட்டி தானாக மடங்கியது.

அப்புறம் அந்த ட்ரெட்மில். இரண்டு காலுக்கும் தனித்தனிப் பட்டை, தனித்தனி வேகம். என் நடையில் ஒரு எட்டு நீளம், ஒன்று குட்டை. அதைச் சரிசெய்வீர்கள் என்று பார்த்தால், கோணல் இன்னும் கூடுகிற மாதிரி வேகத்தை வைத்தீர்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு இரண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்தபோது, எட்டுகள் கிட்டத்தட்ட சமமாக விழுந்தன! தப்பு பெரிதாகத் தெரிந்தால் மூளை அதை ஈடுகட்டப் பார்க்கும், பட்டை மாறிய பிறகும் அது கொஞ்ச நேரம் நிற்கும் என்று விளக்கினீர்கள். சீக்கிரமே கரைந்துவிட்டது, உண்மைதான். ஆனால் என் கால்களால் அப்படி நடக்க முடியும் என்பதை அன்றுதான் கண்டேன். அதைத் தரையில் நிலைக்கச் செய்யத்தான் இத்தனை மாதமும் நூற்றுக்கணக்கான எட்டுகள்: படியில், சரிவில், சரளைக்கல்லில், தலையைத் திருப்பிக்கொண்டு.

டாக்டர், மெஷின் பயிற்சி முடிந்தபோது நான் கலங்கினேன். அமெரிக்காவில் பக்கவாதம் வந்த 408 பேரிடம் நடந்து 2011இல் வெளியான லீப்ஸ் ஆய்வைச் சொன்னீர்கள். உடல் எடையைத் தாங்கும் பட்டையோடு ட்ரெட்மில்லில் பழகியவர்களைவிட, வீட்டிலேயே பிசியோதெரபிஸ்டோடு உடற்பயிற்சி செய்தவர்கள் நடையில் பின்தங்கிவிடவில்லை என்றீர்கள். அந்த ஒரு தகவலில் எனக்குத் தெம்பு வந்தது.

வீட்டுக்கு வந்த பயிற்சி மாணவரே, இடுப்புப் பட்டையில் உங்கள் கை எப்போதும் இருந்தது, ஆனால் இழுத்ததில்லை. நான் தடுமாறி நானே நிமிரும்வரை பொறுத்தீர்கள். விழப்போனால் மட்டும் பிடித்தீர்கள்.

மகளே, ஒவ்வொரு எட்டுக்கும் "சரிப்பா, தப்புப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தாய். மேடம் சொன்னபின், பத்து எட்டு முடிந்ததும் "எப்படி இருந்துச்சு, நீங்களே சொல்லுங்க" என்று கேட்க ஆரம்பித்தாய். பயத்தை அடக்கிக்கொண்டு நீ சும்மா நின்றது எனக்குத் தெரியும்.

அடுத்தது கையில் தண்ணீர் டம்ளரோடு நடப்பது. மேடம், வியாழக்கிழமை வருகிறேன்.