பொதுவாகத்தான் சொல்கிறேன்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நலம். முழங்கால் பழையபடிதான் இருக்கிறது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. போனில் நீ இப்போதெல்லாம் இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசுவதில்லை. மூன்றாவதில் வேலை வந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம். கடிதத்தின் நடுவில் "அப்புறம் கூப்பிடுகிறேன்" என்று சொல்லி வைத்துவிட முடியாது அல்லவா.

போன வாரம் உன் மனைவி பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னாள். பெரியவன் அறையில் எப்போதும் பழ வாசனை அடிக்கிறதாம், பழம் மட்டும் கண்ணில் படுவதில்லையாம். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்து வைத்தேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

நம் பிள்ளையைச் சொல்லவில்லை. பொதுவாகத்தான் சொல்கிறேன். பள்ளிப் பிள்ளைகளிடம் இந்தப் போதைப் பழக்கமெல்லாம் எந்த அளவில் இருக்கிறது என்று தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். கவலை வந்தால் உன் அப்பா கத்துவார். நான் அட்டவணை பார்ப்பேன். வாழ்நாளெல்லாம் கணக்கு சொல்லிக்கொடுத்தவளுக்கு வேறென்ன தெரியும்?

முதலில் நல்ல செய்தி. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 1975 முதல் ஆண்டு தவறாமல் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைக் கேட்டு வருகிறார்கள். 1991இல் எட்டையும் பத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். 1997இல் பன்னிரண்டாம் வகுப்பில் ஏறக்குறைய நாலில் ஒருவர் தினமும் சிகரெட் பிடித்திருக்கிறார்கள். இப்போது நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. ஓராண்டுக்குள் ஒருமுறையாவது குடித்தவர்கள் அன்றைக்கு நாலில் மூன்று பங்கு. 2024இல் 42 சதவீதம். மது, கஞ்சா, நிகோடின் மூன்றையும் ஒரு மாதமாகத் தொடவே இல்லை என்றவர்கள் 2017இல் 53 சதவீதமாக இருந்து 2024இல் 67 ஆகியிருக்கிறார்கள். நம் பெரியவன் படிக்கும் பத்தாம் வகுப்பில் 80. கொரோனாவில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது எல்லாம் சட்டென்று குறைந்தது. பள்ளி திறந்ததும் பழையபடி ஏறும் என்று ஆய்வாளர்களே எதிர்பார்த்தார்கள். ஏறவில்லை. ஐரோப்பாவிலும் 15, 16 வயதுப் பிள்ளைகளிடம் 1995 முதல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கேட்கிறார்கள். ஒருமுறையாவது மதுவைத் தொட்டவர்கள் அங்கே 88இலிருந்து 74 சதவீதமாக இறங்கியிருக்கிறார்கள்.

ஆகவே இந்தக் காலத்துப் பிள்ளைகள் கெட்டுப்போய்விட்டார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதே. உங்கள் காலத்தைவிட இவர்கள் தேவலை. உன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்; மொட்டை மாடி விஷயம் எனக்கு ஒன்றும் மறந்துவிடவில்லை.

ஆனால் எந்தச் சராசரியைப் பார்த்தாலும் அது யாரை விட்டுவிட்டது என்று கேட்காமல் எனக்கு இருக்க முடியாது. நீ என்னிடம் கணக்குப் படித்தவன், உனக்கு விளக்க வேண்டியதில்லை. இவையெல்லாம் வகுப்பறையில் வைத்து எடுக்கும் கணக்கு. அன்றைக்குப் பள்ளிக்கு வராதவனும், படிப்பையே விட்டுவிட்டவனும், பள்ளி வெளியே அனுப்பிவிட்டவனும் இதில் இல்லை. யாரைப் பற்றி அதிகம் தெரிய வேண்டுமோ அவர்கள்தான் தாளில் இல்லாதவர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. பழக்கம் குறைந்த அதே ஆண்டுகளில் சாவு கூடியிருக்கிறது. அமெரிக்காவில் 14 முதல் 18 வயதுக்குள் போதைப்பொருள் அளவு மீறி இறந்தவர்கள் 2019இல் 492 பேர். அடுத்த ஆண்டே 954. தொட்டவர்கள் கூடியதால் அல்ல, தொட்ட பொருள் மாறியதால். வலி மாத்திரை, பதற்றத்துக்கான மாத்திரை, கவனம் நிற்கக் கொடுக்கும் மாத்திரை என்று அசல் போலவே அச்சடித்து விற்கிறார்கள். உள்ளே இருப்பது பென்டானில் என்ற செயற்கை வலி மருந்து. அது மார்பின் என்ற வலி மருந்தைப் போல ஐம்பதிலிருந்து நூறு மடங்கு வீரியம். தேர்வுக்கு விழித்திருக்கலாம் என்று நண்பன் நீட்டியதை ஒரே ஒருமுறை விழுங்கிய பிள்ளைக்கு அடிமையாவதற்குக்கூட அவகாசம் கிடைப்பதில்லை. மூச்சை மீட்க நலோக்சோன் என்று மூக்கில் அடிக்கும் மருந்து இருக்கிறது. 2023 முதல் அங்கே மருத்துவர் சீட்டு இல்லாமலே வாங்கலாம். நீ இருக்கும் இடத்தில் கிடைக்குமா என்று விசாரி. பொதுவாகத் தெரிந்து வைத்துக்கொள்வதில் தப்பில்லை.

இப்போது பழ வாசனைக்கு வருகிறேன்.

இந்த இ-சிகரெட் இருக்கிறதே, அதில் நிகோடினோடு பென்சாயிக் அமிலத்தைச் சேர்த்து உப்பாக மாற்றுகிறார்கள். அப்படிச் செய்தால் தொண்டை எரியாது. நம் காலத்தில் முதல் இழுப்பிலேயே இருமல் வந்து பாதிப் பேரைத் திருப்பி அனுப்பிவிடும். அந்தக் காவலை எடுத்துவிட்டு, மாம்பழம், தர்ப்பூசணி என்று வாசனையும் போட்டு, பார்க்கப் பென் டிரைவ் போல, எழுதும் மார்க்கர் போலச் செய்து விற்றால் பிள்ளை என்ன செய்யும்? அமெரிக்காவில் 2019இல் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளில் 27.5 சதவீதம் பேர் இதைப் பிடித்தார்கள். 2024இல் 7.8க்கு இறங்கிவிட்டது. ஐரோப்பாவில் அதே காலத்தில் 14இலிருந்து 22க்கு ஏறிவிட்டது. கஞ்சா எண்ணெயையும் இதே போன்ற கருவியில்தான் இழுக்கிறார்கள், புகை நாற்றமும் பெரிதாக இராது.

நிகோடின் உடம்பில் குறைந்தால் எரிச்சல் வரும். தூக்கம் கெடும். புத்தகத்தில் மனம் நிற்காது. போன மாதம் நீ அவனைப் பற்றிச் சொன்னாயே, எடுத்ததற்கெல்லாம் சீறுகிறான் என்று. வயது அப்படி என்று நானும்தான் சொன்னேன். வயதாகவே இருக்கலாம்.

சின்னவளையும் பார்த்துக்கொள். மற்றவை எல்லாம் மேல் வகுப்புக்குப் போகப் போகக் கூடும். பசை, தின்னர், ஸ்பிரே டப்பா இவற்றை முகர்வது மட்டும் அந்தக் கணக்கெடுப்பில் எட்டாம் வகுப்பில்தான் அதிகம். கடைக்கே போக வேண்டாம், வீட்டிலேயே இருக்கிறது. முதல் தடவையிலேயே இதயம் நின்றுபோவதும் உண்டு. அவள் தங்கம், எனக்குத் தெரியும். இருந்தாலும் அலமாரியைப் பூட்டு.

பெரியவனிடம் கத்தாதே. கையை நீட்டாதே. மாடியில் உன் அப்பா உன்னிடம் நடந்துகொண்டது போல நீ அவனிடம் நடக்காதே. அதற்குப் பிறகு நீ பிடிப்பதை நிறுத்தவில்லை, எங்களிடம் பேசுவதைத்தான் நிறுத்தினாய். பயமுறுத்தினால் திருந்துவார்கள் என்பதும் கதைதான். லாஸ் ஏஞ்சல்ஸில் 1983இல் போலீஸ்காரர்களை வகுப்புக்கு அனுப்பிப் போதைக்கு எதிராகப் பாடம் நடத்தத் தொடங்கினார்கள். நாடு முழுக்கப் பரவியது. பிறகு ஆய்வு செய்து பார்த்தால், பாடம் கேட்ட பிள்ளைக்கும் கேட்காத பிள்ளைக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இன்னொரு பக்கம் ஐஸ்லாந்தைப் பார். 1998இல் 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் முந்தைய மாதத்தில் குடித்து போதையேறியவர்கள். 2016இல் 5 சதவீதம். பெற்றோர் பிள்ளைகளோடு அதிக நேரம் இருக்க வேண்டும் என்றார்கள். விளையாட்டுக்கும் இசைக்கும் அரசுப் பணத்தைக் கொடுத்தார்கள். இரவில் பிள்ளைகள் வெளியே சுற்றும் நேரத்துக்குச் சட்டம் போட்டார்கள். சட்டத்தையும் பணத்தையும் உன்னால் கொண்டுவர முடியாது. நேரம் உன் கையில்தான் இருக்கிறது.

நீ நல்ல தகப்பன். அவன் குழந்தையாக இருந்தபோது இரவெல்லாம் தோளில் போட்டு நடந்தவன் நீ. உன் அப்பா ஒருநாளும் அப்படி நடந்ததில்லை. ஆனால் இப்போது சனி ஞாயிறும் அந்தக் கணினி முன்னால்தானே இருக்கிறாய்? அவனை எதிரில் உட்காரவைத்து விசாரணை செய்யாதே. காரில் போகும்போது கேள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இரு. அவன் சொல்லும் முதல் பதில் பொய்யாக இருக்கும். அதற்கும் கத்தாதே. பையைத் துழாவாதே, கேள். ஏன் தேவைப்பட்டது என்று கேள். தூக்கம் வராமலா, நண்பர்களுக்காகவா, மனம் சரியில்லாமலா? நீங்கள் இருவரும் அடைத்த கதவுக்குப் பின்னால் போடும் சண்டை அவன் காதில் விழாது என்றா நினைக்கிறாய்? கத்தாதே என்று எத்தனை தடவை எழுதிவிட்டேன் என்று எனக்கே தெரிகிறது. உன் பெரியப்பாவை எல்லாரும் கத்திக் கத்தித்தான் அனுப்பிவைத்தோம்.

பள்ளியும் அப்படித்தான். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலும் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலும் ஒன்றாக ஓர் ஆய்வு செய்தார்கள். கஞ்சா பிடித்தவனை இடைநீக்கம் செய்த பள்ளிகளில் அடுத்த ஆண்டு கஞ்சாப் பழக்கம் கூடுதலாக இருந்தது. ஆலோசகரிடம் அனுப்பிய பள்ளிகளில் குறைவாக இருந்தது. வீட்டில் தனியாக விடப்பட்டவன் பகல் முழுவதும் என்ன செய்வான்? எந்தப் பள்ளியாவது உங்களுக்கு அப்படி எழுதினால், வெளியே அனுப்புவதற்குப் பதில் ஆலோசகரிடம் அனுப்புங்கள் என்று நீ கேட்கலாம். கேட்க வேண்டும்.

சரி, இனிப் பொதுவாகப் பேசி என்ன ஆகப்போகிறது. பள்ளியிலிருந்து மெயில் வந்ததை சின்னவள் என்னிடம் சொல்லிவிட்டாள். அவளைத் திட்டாதே, நான்தான் கிண்டிக் கேட்டேன். எத்தனை நாள் வர வேண்டாம் என்றிருக்கிறார்கள்? நீங்கள் இருவரும் வேலைக்குப் போனபின் அவனோடு யார் இருக்கிறார்கள்? நீ பதில் மெயில் அனுப்பினாயா, இல்லை அவமானமாக இருக்கிறது என்று விட்டுவிட்டாயா? வேறொன்றும் எழுத வேண்டாம், இவற்றுக்கு மட்டும் பதில் எழுது. உனக்கு லீவு கிடைக்காது என்றால் எனக்கு டிக்கெட் போடு. முழங்கால் ஒன்றும் செய்யாது. அவனுக்கு முக்கோணவியல் சுத்தமாகப் புரியவில்லை என்று போன மாதமே என்னிடம் சொன்னான்.

அம்மா