தம்பிக்கு, திருவந்திபுரத்துக்கு வழி

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுறேன். போன்ல பேசினா "சரிம்மா, சரிம்மா"ன்னு வெச்சிடுவ, அதான் கடுதாசி. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது.

பாண்டியில ரூம் போட்டிருக்கேன், மறுநாள் ஒரு ஃப்ரெண்டோட திருவந்திபுரம் பெருமாள் கோயிலைப் பாத்துட்டுக் கிளம்பறேன்னு அனுப்பியிருந்த. வழியும் கேட்டிருந்த. உனக்கு அந்த ஊருக்கு வழி சொல்ற மாதிரி ஆயிடுச்சு பாரு. மரு உதிரணும்னு உன் கையாலயே உப்பும் மிளகும் கோயில் கிணத்துல, அந்த சேஷ தீர்த்தத்துல போட வெச்ச ஊரு. ப்ளஸ் டூ பரீட்சைக்கு முன்னால மலை மேல ஹயக்ரீவர் சன்னதியில உன் பேனாவை வெச்சு வாங்கிட்டு வந்தேன். கணக்குல 200-க்கு 197. இன்னிக்கும் தெருவுல யாராவது பிள்ளைங்க படிப்பைப் பத்திப் பேசினா, அதைச் சொல்லாம விடறதில்லை.

சரி, வழி. பாண்டியிலேருந்து கடலூர் வந்துடு. அங்கேருந்து மேற்கே அஞ்சாறு கிலோமீட்டர்தான். முகூர்த்த நாள்னா மலை மேல நூறு கல்யாணத்துக்கு மேல நடக்கும், ரோட்டுல வேன் நகராது. நீங்க வர்ற அன்னிக்கு முகூர்த்தம் இல்லை, காலண்டர்ல பாத்துட்டேன். காலையிலயே ஏறிடுங்க. வெயில் ஏறினா படியில கால் வைக்க முடியாது. மத்தியானம் நடையும் சாத்திடுவாங்க.

கெடிலம் ஆறு அங்க வடக்க பாத்து ஓடும், அதைக் காட்டு. பெருமாளுக்குத் தாகம்னு கருடன் தண்ணி கொண்டாரப் போனது, அது வர்றதுக்குள்ள ஆதிசேஷன் வாலால அடிச்சு ஊத்தெடுக்க வெச்சது, எல்லாம் பாட்டி சொன்ன மாதிரியே சொல்லு. வேதாந்த தேசிகர் தன் கையால கட்டினதா சொல்ற கிணத்தையும் பாருங்க. தண்ணி பாட்டில் எடுத்துக்கோ. காலையிலயே ஏறிடுங்க.

ஃப்ரெண்டுன்னு எழுதியிருந்த. பேர் எழுதலை.

தம்பி, பெரியப்பா வீட்டுக் கல்யாணத்தன்னிக்கு அந்தப் படியில ஏறும்போது என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "அம்மா, ஒருத்தரைப் பத்தி உங்கிட்ட சொல்லணும்"ன்ன. நான் சத்தமா படி எண்ண ஆரம்பிச்சேன். நாப்பத்தி ஒண்ணு, நாப்பத்தி ரெண்டு. மேளச் சத்தத்துல அம்மாவுக்குக் கேக்கலைன்னு நினைச்சிருப்ப. நல்லாக் கேட்டுது. 74 படியும் விடாம எண்ணினேன். மேல போனதும், "மூச்சு வாங்குதாம்மா?"ன்னு கேட்டுத் தண்ணி குடுத்த. அதுக்கப்புறம் நீ வாயே தொறக்கலை. நாலு தீபாவளிக்கும் வரலை. கேக்கிறவங்க கிட்டல்லாம் உனக்கு லீவு கிடைக்கலைன்னு சொல்லிட்டு இருக்கேன். ஏன் வரலைன்னு எனக்குத் தெரியும்.

பெத்த வீடு இங்க இருக்கும்போது பாண்டியில எதுக்கு ரூம்னு ரெண்டு நாள் அழுதேன். இப்ப அதை மாத்த வேணாம், காசு கட்டியிருப்ப. நடை சாத்தினதும் பஸ் ஏறினா அரை மணி நேரத்துல இங்க வந்துடலாம். உன் கட்டில் மேல கிடந்த அரிசி மூட்டையை எடுத்தாச்சு, பெட்ஷீட்டும் மாத்திட்டேன். முருங்கைக்கா சாம்பார்தான் வைக்கப்போறேன். கொல்லையில நாலு இலை அறுக்கச் சொல்லி அப்பாகிட்ட சொல்லியிருக்கேன். யாருக்கு நாலாவதுன்னு அவரு கேக்கலை.

அவங்களுக்குக் காரம் ஆகுமான்னு எழுது. பேரையும் எழுது.

அம்மா