மனைவிக்கு முன்பே கணவரைப் பரிசோதியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேலத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் ஆய்வக நுட்பநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். குழந்தையில்லை என்றால் மாமியார் மருமகளைத்தான் முதலில் அழைத்து வருவார். ஸ்கேன், ஹார்மோன் பரிசோதனை, கருக்குழாய்க்கான எக்ஸ்ரே என்று எல்லாவற்றையும் அந்தப் பெண் பட்டு முடித்து, அம்மன் கோயிலில் தொட்டிலும் கட்டிய பிறகே கணவர் விந்துப் பரிசோதனைக்கு வருவார். குழந்தையில்லாத தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆண் தரப்பிலும் காரணம் இருக்கையில், இது பெரும் அநீதி.

செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைத் தொழிலாளி ஒருவர், வாசலில் சிகரெட்டை அணைத்துவிட்டு, "எனக்கு என்னங்க குறை?" என்று கேட்டபடியே மாதிரியைக் கொடுத்தார். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வகுத்த கீழ் வரம்பு ஒரு மில்லிலிட்டருக்கு 1.6 கோடி விந்தணுக்கள். அவருக்கு எண்ணிக்கை அதைத் தாண்டியிருந்தது. ஆனால் 100-க்கு 42-ஆவது அசைய வேண்டிய இடத்தில் 20 கூட அசையவில்லை. புகையிலுள்ள காட்மியம் முதலிய நச்சுகள் நுரையீரலோடு நின்றுவிடுவதில்லை. நிக்கோட்டின் சிதைந்து உண்டாகும் கோட்டினின் விந்து நீரிலேயே காணப்படுகிறது. அணுக்களின் எண்ணிக்கை, அசைவு, வடிவம் ஆகியவை கெடுவதோடு, அவற்றினுள் இருக்கும் மரபணு இழையும் அறுபடுகிறது. அந்த அறுபடல் சாதாரண நுண்ணோக்கியில் தெரியாது என்பதால், எண்ணிக்கை மட்டும் சரியாக இருப்பதைப் பார்த்து நிம்மதி அடைவது தவறு.

ஒரு விந்தணு உருவாகச் சுமார் 74 நாட்களும், முதிர்ந்து வெளிவர மேலும் சில நாட்களும் ஆகின்றன. இன்று புகையை விடுபவருக்கு மூன்று மாதங்களில் கிடைப்பவை புகை படாத புதிய அணுக்கள். விதைப்பையில் இரத்த நாளம் புடைத்திருப்பது (நரம்புப் புடைப்பு) போன்ற வேறு காரணம் உள்ளவருக்கு இது மட்டும் போதாதுதான். ஆயினும் செலவில்லாத இந்த முதல் மருந்தைச் சொல்லாமலே லட்சக்கணக்கில் செலவு வைக்கும் சிகிச்சையைத் தொடங்குவதை எப்படி ஏற்பது?

சிகரெட் பெட்டியில் 85 விழுக்காட்டுப் பரப்பில் எச்சரிக்கைப் படம் இருக்கிறது. ஐந்து ரோட்டுப் பெட்டிக்கடையில் ஒற்றை சிகரெட் வாங்கும் இளைஞரின் கைக்கு அந்தப் பெட்டியே வருவதில்லை. ஆகவே, குழந்தையின்மைக்காக வரும் தம்பதியரின் முதல் சீட்டிலேயே கணவரின் புகைப்பழக்கத்தைக் குறித்து, அன்றே அவருக்கும் பரிசோதனை எழுதி, புகையை விட உதவும் 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தேசிய எண்ணையும் அதில் அச்சிட்டுத் தருமாறு மாவட்ட மருத்துவ அதிகாரிகளைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பநர்,
அம்மாப்பேட்டை, சேலம்.