தண்டலுக்கு அடகுபோன ஆசிரியர் சான்றிதழ்களை மீட்கவும், போதைக்கு ஆளான எங்கள் தெருப் பிள்ளைகளுக்குச் சிகிச்சை கிடைக்கவும் கோரும் மனு

நாள்: 26.06.2023, திங்கட்கிழமை

அனுப்புநர்: சிறையிலிருக்கும் ஓர் ஆசிரியரின் மனைவி, வியாசர்பாடி, சென்னை. (பெயரும் முகவரியும் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன.)

பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், சென்னை மாவட்டம், ராஜாஜி சாலை, சென்னை – 600 001.

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த பிப்ரவரி மாதம் ஒரு விடியற்காலையில் எங்கள் வீட்டுப் பரணிலிருந்து 1 கிலோ 400 கிராம் கஞ்சாவும், மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத வலி மாத்திரைகள் சில அட்டைகளும் கைப்பற்றப்பட்டன. பன்னிரண்டு ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக் கொடுத்துவந்த என் கணவர் அன்று முதல் புழல் சிறையில் இருக்கிறார். அவர் குற்றம் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. அவரை விடுதலை செய்யுமாறு கேட்கவும் இந்த மனுவை எழுதவில்லை. அதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். அவர் எந்த வழியாக அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தாரோ அந்த வழி எங்கள் பகுதியில் இன்றும் திறந்தே இருக்கிறது என்பதைத் தங்களிடம் சொல்லவே வந்திருக்கிறேன்.

என் மாமியார் காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்துத் தலையில் கூடை சுமந்து தெருத்தெருவாக விற்றவர். அந்தக் குடும்பத்தில் முதன்முதலில் கல்லூரிக்குப் போனவர் என் கணவர்தான். இளங்கலை வேதியியல் முடித்து, பி.எட். படிப்புக்குக் கட்டணம் கட்ட வழியில்லாதபோது, மாமியார் தம் காதிலிருந்த கம்மலைக் கழற்றிக் கொடுத்தார். அந்தச் சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையிலிட்டு, மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறும்போதெல்லாம் துணிமணிக்கு முன்னால் அவற்றைத்தான் எடுத்து மேலே வைப்பார். 2011-இல் எங்கள் பகுதியிலுள்ள ஒரு சிறிய மெட்ரிகுலேஷன் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார். 2020 தொடக்கத்தில் அவருடைய சம்பளம் 11,000 ரூபாய். கையில் ரொக்கமாகத்தான் கொடுப்பார்கள். வருங்கால வைப்பு நிதியும் இல்லை, சம்பளச் சீட்டும் இல்லை.

2020 மார்ச் மாதம் பள்ளிகள் மூடப்பட்டன. அந்தப் பள்ளி இரண்டு மாதம் பாதிச் சம்பளம் கொடுத்தது. ஜூனிலிருந்து அதுவும் நின்றது. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் மறுபடி பள்ளிக்கு வந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான். இடைப்பட்ட காலம் முழுவதும் என் கணவர் தண்ணீர் கேன் சுமந்தார், இரவல் வண்டியில் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்தார், மாலையில் எங்கள் திண்ணையில் நான்கைந்து பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் பாடமும் நடத்தினார். தெலங்கானாவில் 2021 ஏப்ரலில் தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கு மாதம் 2,000 ரூபாயும் 25 கிலோ அரிசியும் அரசு கொடுத்தது என்று செய்தித்தாளில் படித்துவிட்டு, அந்தப் பக்கத்தைக் கிழித்துப் பல நாள் சட்டைப் பையில் வைத்திருந்தார். நின்றுபோன சம்பளத்தைக் கேட்கத் தொழிலாளர் துறையில் முறையிடலாமா என்று விசாரித்தபோது, ஆசிரியர் என்பவர் 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வரமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 1988-லேயே தீர்ப்பளித்துவிட்டது என்றார்கள். தனியார் பள்ளி ஆசிரியர் சம்பளத்துக்காக எந்த அலுவலகத்தின் கதவைத் தட்டவேண்டும் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

2020 நவம்பரில் மாமியாருக்குப் பக்கவாதம் வந்தது. ஸ்டான்லி மருத்துவமனையில் காசு வாங்காமல் பார்த்தார்கள். அந்த மருத்துவர்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். ஆனால் ஆறு மாத வீட்டு வாடகை பாக்கியிருந்தது. படுத்த படுக்கையாக இருப்பவரோடு வீதிக்கு வரமுடியாது என்பதால் என் கணவர் தண்டல் வாங்கினார். எழுதியது 20,000 ரூபாய். எடுத்த எடுப்பில் 3,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 17,000 கொடுத்தார்கள். தினமும் 200 ரூபாய் வீதம் 100 நாள் கட்டவேண்டும். சந்தை வியாபாரிக்கு அன்றன்று காசு புரளும், அவருக்குத் தண்டல் கட்டுப்படியாகலாம். மாதச் சம்பளமும் நின்றுபோன ஆசிரியருக்கு அது எப்படிக் கட்டுப்படியாகும்? ஒரு நாள் தவறினால் அபராதம். மூன்று நாள் தவறினால் வாசலில் ஆள். முதல் தண்டலை அடைக்க இரண்டாவது, அதை அடைக்க, நாளாக நாளாக ஏறிக்கொண்டே போகும் மீட்டர் வட்டி என்று போய், 2022 மே மாதக் கணக்கில், நாங்கள் 1,14,000 ரூபாய் கட்டி முடித்த பிறகும் 1,60,000 ரூபாய் பாக்கி என்று எழுதி வைத்திருந்தார்கள். இரண்டாவது தண்டலின்போதே, நம்பிக்கைக்கு என்று சொல்லி, அந்தப் பிளாஸ்டிக் உறையை அப்படியே வாங்கிக்கொண்டார்கள்.

இதைத் தாங்கள் பொறுமையோடு படிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதே 2022 மே மாதத்தில் பெரம்பூரில் வேறொரு பள்ளி என் கணவரை 18,000 ரூபாய் சம்பளத்துக்குத் தேர்ந்தெடுத்தது. வேலையில் சேரும் நாளில் அசல் சான்றிதழ்களைக் காட்டவேண்டும் என்றார்கள். தண்டல்காரர் 50,000 ரூபாய் கட்டினால்தான் உறையைத் தருவேன் என்றார். எங்களால் புரட்ட முடியவில்லை. அந்த இடத்துக்கு வேறொருவர் போய்விட்டார். கடனைத் தீர்க்கும் வேலைக்குப் போக முடியாதபடி அந்தக் கடனே குறுக்கே நின்றது. அடுத்த வாரம் தண்டல்காரரின் ஆள் வந்து என் கணவரிடம் சொன்னதை நான் அடுப்படியிலிருந்து கேட்டேன்: "வாத்யார் வூட்ட எவன் சார் வந்து தேடப்போறான்? ஒரே ஒரு பை. பை இருக்கிற நாளைக்குத் தண்டல் கிடையாது." அந்தப் பையில் துணி இருப்பதாகத்தான் நான் நம்பினேன்.

தெருவில் எங்கள் வீட்டுக்கு இருந்த மரியாதை முழுவதும், பன்னிரண்டு ஆண்டுகளில் அவர் சம்பாதித்த ஒரே சொத்து, நாளொன்றுக்கு 200 ரூபாய் என்று வாடகைக்குப் போனது. ஆந்திர, ஒடிசா எல்லை மலைகளில் விளையும் கஞ்சா வடக்கேயிருந்து வரும் ரயில்களில் ஏறிக் கொருக்குப்பேட்டை, பேசின் பாலம் பக்கம் இறங்கி எங்கள் சந்துகளுக்கு வருவது இங்கே யாவரும் அறிந்ததே. அந்த நீண்ட பயணத்தில் அது சில நாள் தங்குவதற்கு யாரும் சந்தேகப்படாத ஒரு வீடு தேவைப்படுகிறது. எங்கள் வீடு அப்படித்தான் ஆனது. ஜூனில் ஒரு பையாக வந்தது, அக்டோபரில் அவரே கொண்டுபோய்க் கொடுக்கும் பொட்டலமாயிற்று; பிறகு மாத்திரை அட்டையும் சேர்ந்துகொண்டது. அதற்குள் தூக்கம் வராமல் அவரே அந்த மாத்திரையை விழுங்கத் தொடங்கியிருந்தார்.

2022 ஆகஸ்ட் 11-ஆம் தேதி தமிழ்நாடு முழுவதும் பள்ளிகளில் போதைப்பொருள் ஒழிப்பு உறுதிமொழி எடுத்தார்கள். என் கணவர் தம் வகுப்பில் அதை வரிவரியாகச் சொல்ல, பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். அன்று பரணில் பை இருந்தது. அவர் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தவர், மறுநாள் காலைவரை எழுந்து சாப்பிடவில்லை. ஏதோ காய்ச்சல் என்று நான் மிளகு ரசம் வைத்துக் கொடுத்தேன்.

டிசம்பரில் ஓர் இரவு எங்கள் கதவைத் தட்டியவன் அவரிடம் ஏழாம் வகுப்புப் படித்த பையன். வயது 19. எங்கள் திண்ணையில் உட்கார்ந்து தனிம அட்டவணை ஒப்பித்தவன். "சார்" என்று கூப்பிட்டுவிட்டு, என் கணவரின் முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினான். என் கணவரும் அவன் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தார். அப்போதுதான் எனக்கு எல்லாம் தெரிந்தது. மாத்திரையை ஊசியில் ஏற்றிக்கொண்டதால் ஜனவரியில் அவன் கை தோள்வரை வீங்கி, ஸ்டான்லியில் சேர்த்துக் கையைக் காப்பாற்றினார்கள். அவன் தாய் என் தெருவில்தான் இருக்கிறார். குழாயடியில் நாங்கள் இருவரும் நிற்கிறோம். அவர் என்னைத் திட்டினால்கூட எனக்கு ஆறுதலாக இருக்கும், அவர் ஒன்றும் சொல்வதில்லை.

டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. போதைப்பொருள் விற்பனை பற்றித் தகவல் சொல்வதற்கான 10581 என்ற எண்ணைச் சுவரொட்டியில் பார்த்திருக்கிறேன்; அழைக்கவில்லை. வாசலில் ஆள் வந்து நிற்காத அந்த நாள்களில் என் மகள் பயமின்றிப் படித்தாள் என்பதற்காக இருந்துவிட்டேன். அது என் குற்றம். விசாரணை அதிகாரியிடமும் இதை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி, ஒரு கிலோவுக்கு மேல் 20 கிலோவுக்குள் கஞ்சா வைத்திருந்தால் 10 ஆண்டுவரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதமும் விதிக்கலாம் என்று இலவச சட்ட உதவி வழக்கறிஞர் எனக்கு விளக்கினார். இந்தத் தொழிலுக்குப் பணம் போடுபவருக்கு அதே சட்டத்தின் 27ஏ பிரிவு 10 முதல் 20 ஆண்டு தண்டனை சொல்கிறது என்பதையும் அவர்தான் சொன்னார். ஆனால் முதல் தகவல் அறிக்கையில் என் கணவரின் பெயர் ஒன்றுதான் இருக்கிறது. அவர் கைதான பதினோராம் நாள் தண்டல்காரரின் ஆள் என் வாசலுக்கு வந்து, பாக்கியை இனி நான் கட்டவேண்டும் என்றார். தையல் கூலியிலிருந்து இன்றுவரை தினமும் 100 ரூபாய் கட்டிவருகிறேன். அந்த ஆள் கையெழுத்திடும் தண்டல் அட்டைகள் நான்கின் நகல்களை இத்துடன் இணைத்துள்ளேன்.

ஆகவே, 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கந்து வட்டித் தடைச் சட்டம் மீட்டர் வட்டியையும் தண்டலையும் பெயர் சொல்லியே தடைசெய்து மூன்றாண்டுவரை சிறை என்று விதித்திருக்கும்போது, அந்த நபருக்கு வட்டாட்சியர் வழங்கிய கடன் உரிமம் உள்ளதா என்று முதலில் விசாரித்து, தண்டல் அட்டைகளை ஆதாரமாகக் கொண்டு வழக்குப் பதியுமாறும், அவர் கைவசமுள்ள என் கணவரின் அசல் சான்றிதழ்களைக் கைப்பற்றித் தருமாறும் வேண்டுகிறேன். அவரால் இனி வகுப்பறையில் நிற்க முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆயினும் அது என் மாமியாரின் கம்மல். அதே வீட்டில் வேறு பலருடைய சான்றிதழ்களும் குடும்ப அட்டைகளும் அலமாரி நிறைய இருப்பதை என் கணவர் பார்த்திருக்கிறார். அவர்களுள் இன்னும் பை வாங்காதவர்கள் இருப்பார்கள். அவர்களை நினைத்தே இதை அவசரம் என்கிறேன்.

அந்தப் பையனைப் போல எங்கள் நான்கு தெருக்களில் எனக்குத் தெரிந்தே ஏழு பேர் இருக்கிறார்கள். மருத்துவமனைக்குப் போனால் போலீஸ் வழக்கு எழுதிவிடும் என்று அவர்களின் தாய்மார் பயப்படுகிறார்கள். தாமாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு ஏற்ற நிலையத்திலோ சிகிச்சையை முழுமையாக எடுத்துக்கொள்பவர்மேல், உட்கொண்டதற்கும் சிறிய அளவு வைத்திருந்ததற்கும் வழக்கு நடத்தக்கூடாது என்று அதே சட்டத்தின் 64ஏ பிரிவு சொல்வதாக வழக்கறிஞர் காட்டினார். அதைப் புரியும் தமிழில் எழுதி, 14446 என்ற சிகிச்சை உதவி எண்ணோடு, ரேஷன் கடைகளிலும் அங்கன்வாடிகளிலும் வைக்க ஆணையிடவேண்டும். மாதம் ஒரு நாளாவது ஒரு மனநல மருத்துவர் எங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரவேண்டும். புழலில் என் கணவருக்கும் அந்தச் சிகிச்சை கிடைக்க, சிறைத் துறைக்குத் தாங்கள் எழுதினால் நன்றியுடையவளாவேன்.

என் மகள் பத்தாம் வகுப்புக்கு வந்திருக்கிறாள். மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போய்விடுங்கள், மற்ற பெற்றோர் பேசுகிறார்கள் என்று அவள் பள்ளியில் இரண்டு முறை சொல்லிவிட்டார்கள். தேர்வு முடியும்வரை அவளை அங்கேயே படிக்கவிடுமாறு முதன்மைக் கல்வி அலுவலர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். கூடவே, சிறிய தனியார் பள்ளிகளில் ஆசிரியர் சம்பளம் வங்கி வழியாகக் கொடுக்கப்படுகிறதா, 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் வைப்பு நிதி பிடிக்கப்படுகிறதா என்று ஒருமுறை ஆய்வு செய்யவும் கேட்டுக்கொள்கிறேன்.

இன்று உலகப் போதைப்பொருள் ஒழிப்பு நாள். காலையில் என் மகளும் வரிசையில் நின்று உறுதிமொழி சொல்லிவிட்டு வந்திருப்பாள். விசாரணைக்கு எந்த நாளில் அழைத்தாலும் வருவேன். தண்டல்காரரின் ஆள் மாலை ஆறு மணிக்கு வருவதால், அதற்கு முன் வீடு திரும்பும்படி நேரம் குறித்தால், மகள் தனியாகக் கதவைத் திறக்க வேண்டியிராது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள மனுதாரர்

இணைப்பு: தண்டல் அட்டை நகல்கள் 4, சான்றிதழ்களின் ஒளிநகல்கள் 3, முதல் தகவல் அறிக்கை நகல், மனுதாரர் விவரத் தாள்.