ப்ரீஆம்ப் கட்டாயமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பவர் ஆம்ப் (ஸ்பீக்கரை ஓட்டும் பெருக்கி) வாங்குகிறவர்கள் கூடவே நல்ல ப்ரீஆம்ப்பும் (அதற்கு முன்னால் வைத்து வால்யூமைக் கூட்டிக் குறைக்கும் கருவி) வாங்கியே தீர வேண்டும் என்று உங்கள் தொழில்நுட்பப் பக்கக் கட்டுரை சொல்கிறது. நான் ப்ரீஆம்ப்பைக் கழற்றி வைத்து மூன்று வருடமாகிறது. டிஜிட்டல் பாட்டை அனலாக் சிக்னலாக மாற்றித் தரும், வால்யூம் வசதியுள்ள டாக்கை நேராக பவர் ஆம்ப்பில் செருகித்தான் தினமும் பாட்டு கேட்கிறேன்.

ரெக்கார்ட் ப்ளேயரின் ஊசியிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான். அதைத் தூக்கிவிட ஒரு கருவி வேண்டும், சரி. ஆனால் சாதாரண டாக்கே முழு அளவில் சுமார் 2 வோல்ட் தருகிறது. பெரும்பாலான பவர் ஆம்ப்களை முழு சக்திக்குக் கொண்டுபோக அது தாராளம். அங்கே பெருக்குவதற்கு ஒன்றும் இல்லை, குறைக்கத்தான் வேண்டியிருக்கிறது.

டிஜிட்டலில் வால்யூமைக் குறைத்தால் பிட்கள் போய்விடும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பிட் என்பது ஒலியளவை எண்ணாகப் பதியும் இலக்கம்; ஒரு பிட்டுக்கு ஏறக்குறைய 6 டெசிபல் சத்த வித்தியாசம். சிடியில் இருப்பது 16 பிட். டாக்குக்குள் 24 பிட்டில் கணக்கு நடந்தால் 8 பிட் மிச்சம் இருக்கிறது. அதாவது 48 டெசிபல் வரை இறக்கினாலும் சிடியில் பதிந்த விவரம் உதிர்வதில்லை.

உண்மையான சிக்கல் இரைச்சல். வால்யூமை இறக்கும்போது பாட்டு மட்டும்தான் இறங்குகிறது; டாக்கின் அனலாக் பகுதியில் எழும் இரைச்சல் இருந்த இடத்திலேயே நிற்கிறது. என் பவர் ஆம்ப்புக்கு கெயின், அதாவது பெருக்கும் அளவு, அதிகம். அதனால் வால்யூம் எப்போதும் முழு அளவுக்கு 45 டெசிபல் கீழே, மைனஸ் 45-லேயே கிடந்தது. ராத்திரி வீடு அடங்கிய பிறகு, வயலின் தேய்ந்து ஓய்கிற இடத்தில் ட்வீட்டரிலிருந்து (ஸ்பீக்கரில் உச்ச ஒலிகளுக்கான பகுதி) 'உஸ்' என்று ஒரு சத்தம் வரும். அப்புறம் டாக்குக்கும் பவர் ஆம்ப்புக்கும் நடுவே, பாட்டையும் இரைச்சலையும் சேர்த்தே குறைக்கிற 12 டெசிபல் அட்டெனுவேட்டர் போட்டேன். விரல் நீளம்கூட இல்லாத சின்னக் குழாய்கள், பக்கத்துக்கு ஒன்று. இப்போது வால்யூம் மைனஸ் 33-ல் நிற்கிறது, உட்கார்ந்த இடத்தில் அந்த 'உஸ்' கேட்பதில்லை.

கட்டுரை எச்சரித்திருக்க வேண்டிய விஷயம் இன்னொன்று. ஒருநாள் மின்சாரம் போய்த் திரும்பியது. டாக் பழைய வால்யூமை மறந்துவிட்டு முழு அளவில் விழித்துக்கொண்டது. கம்ப்யூட்டரில் பாட்டு ஓடிக்கொண்டே இருந்ததால் சத்தம் இடி மாதிரி வெடித்தது. ஸ்பீக்கருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த என் மகள் காதைப் பொத்திக்கொண்டு அலறினாள். நான் ஓடிப்போய் ஸ்விட்சை அணைப்பதற்குள் ஐந்தாறு விநாடி போய்விட்டது. அவள் காதுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு ட்வீட்டர் போனது.

நடுவே ப்ரீஆம்ப் இருந்திருந்தால் அதன் குமிழ் வைத்த இடத்திலேயே இருந்திருக்கும். அதனால் இந்த வழிக்கு வருகிறவர்கள் முதலில் பவர் ஆம்ப்பை இணைக்காமல், டாக்கின் மின்சாரத்தை மட்டும் பிடுங்கி மறுபடி கொடுத்து, வால்யூம் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட வேண்டும். முழு அளவில் நின்றால் அந்த டாக்கை நேராக இணைக்கவே வேண்டாம். போடும்போது டாக் முதலில், பவர் ஆம்ப் கடைசியில். அணைக்கும்போது பவர் ஆம்ப் முதலில். ரெக்கார்ட் ப்ளேயரும் வைத்திருப்பவர்களுக்கு ப்ரீஆம்ப்பே வசதி, அதில் எனக்கு மறுப்பில்லை.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, பிட் கணக்கைக் குறைத்துக்கொண்டு இந்த வால்யூம் சோதனையைச் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்