ஓட்டை விழுந்த பிறகான முதல் சில மணி நேரம்
எண்டோஸ்கோபி பிரிவுத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். உடலுக்குள் கேமராக் குழாயைச் செலுத்திப் பார்க்கும் எண்டோஸ்கோபி அறையில் வேலை செய்யும் செவிலியர் நான். பெருங்குடலை அப்படிப் பார்க்கும் கொலனோஸ்கோபியின்போது குடலில் ஓட்டை விழுவதைப் பற்றி எழுதுகிறேன். அது விழவே கூடாது என்று சொல்ல வரவில்லை. வெறும் பரிசோதனை என்றால் ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட நேர்வதில்லை. பெரிய பாலிப்பை (குடலின் உட்சுவரில் வளரும் சதைத் திரளை) வெட்டி எடுக்கும்போது நூற்றுக்கு ஒருவர், இருவர் என்று போகிறது. எத்தனை கைதேர்ந்த மருத்துவருக்கும் இது நேரலாம். என் குறையெல்லாம் அதற்குப் பிறகு நடப்பதைப் பற்றித்தான்.

மேசையிலேயே கண்ணில் பட்டுவிட்ட ஓட்டை பாதி சரியான மாதிரி. நோயாளி பேதி மருந்து குடித்துக் குடலைச் சுத்தமாக வைத்திருக்கிறார், கருவி உள்ளேயே இருக்கிறது. ஒரு சென்டிமீட்டருக்கு உட்பட்ட ஓட்டையைச் சாதாரணக் கிளிப்புகளாலேயே மூடிவிடலாம். அதைவிடப் பெரிதென்றால் கருவியின் முனையில் மாட்டிச் செலுத்தும் பெரிய கிளிப் இருக்கிறது. அதே ஓட்டை மறுநாள் தெரியவந்தால் கதையே வேறு: வயிறு முழுக்கச் சீழ், அவசர அறுவை, பல சமயம் வயிற்றில் மலப்பை.

அதனால்தான் கருவியை வெளியே இழுக்கும் முன் வெட்டிய இடத்தை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள் என்கிறேன். எடுத்த துண்டையும் திருப்பிப் பாருங்கள். வெட்டுமுன் செலுத்திய நீலச் சாயம் ஏறிய அடிப்பக்கத்தின் நடுவே வெள்ளையாக ஒரு வட்டம் தெரிந்தால், குடல் சுவரின் தசை அடுக்கும் சேர்ந்து வந்துவிட்டது என்று அர்த்தம். 2011-லேயே இந்த அடையாளத்தை விவரித்து எழுதிவிட்டார்கள். ஆனாலும் அடுத்த நோயாளி வெளியே காத்திருக்கிறார் என்ற அவசரத்தில் துண்டு நேராக ஃபார்மலின் புட்டிக்குள் போய்விடுகிறது.

சரி, ஓட்டை தெரிந்துவிட்டது. அடுத்து? குடலை விரிக்கச் சாதாரணக் காற்றைச் செலுத்திக்கொண்டிருந்தால் கார்பன் டை ஆக்சைடுக்கு மாற்ற வேண்டும். அதை உடம்பு வேகமாக உறிஞ்சிக்கொள்ளும். குடலில் தேங்கிய நீர் ஓட்டைப் பக்கம் வராதபடி நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. வயிறு உப்பிக் கல்லாக இறுகி, மூச்சு திணறி, இரத்த அழுத்தம் சரிந்தால் சிடி ஸ்கேனுக்குக் காத்திருக்க நேரமில்லை, அங்கேயே ஊசி குத்திக் காற்றை இறக்க வேண்டும் என்பதும் தெரியும். நான் கேட்பது ஒன்றுதான்: அந்தத் தடித்த ஊசி உங்கள் அறையில் எந்த இழுப்பறையில் இருக்கிறது? நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் பெரிய கிளிப் பூட்டிய அலமாரிக்குள் இருந்தது. விலை அதிகமாம், அதனால் சாவி ஸ்டோர்காரரிடம். அவர் வேலை முடிந்து கிளம்பினால் சாவியும் கிளம்பிவிடும்.

கிளிப் போட்டாயிற்று என்றாலும் அறுவை சிகிச்சை நிபுணரை அன்றே அழைத்துக் காட்டுங்கள். வாய்வழி ஒன்றும் கொடுக்காமல், நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற்றி, வயிற்றை நாம் அடிக்கடி தொட்டுப் பார்த்துக் கண்காணிக்கும் நோயாளி அவருக்கும் நோயாளிதான். ஓட்டை நன்றாக மூடியிருந்து நோயாளியும் தெளிவாக இருந்தால், ஸ்கேனில் காற்று தெரிகிறது என்பதற்காக மட்டும் வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. நாடித்துடிப்பு ஏறி, காய்ச்சல் வந்து, வலி பரவினால் விடியட்டும் என்று உட்காரக் கூடாது. இந்த முடிவை நீங்களும் அறுவை நிபுணரும் கட்டிலருகே நின்று எடுக்க வேண்டும். போனில் எடுக்கும் முடிவல்ல இது.

எனக்கு அதிகக் கவலை தருவது தாமதமாகத் திறக்கும் ஓட்டை. மின்சாரச் சூட்டில் வெந்த குடல் சுவர், ஆள் வீட்டுக்குப் போய் ஓரிரு நாள் கழித்தும் ஓட்டையாகிவிடலாம். நான் முன்பு வேலை பார்த்த அதே இடத்துக்கு ஒரு பெண்மணி இரவில் போனில் அழைத்து, வயிறு வலிக்கிறது, தோள்பட்டையும் வலிக்கிறது என்றார். “கேஸ்தான்மா, கொஞ்சம் நடங்க” என்று பதில். உதரவிதானத்துக்குக் கீழே காற்று சேர்ந்தால் வலி தோளில் தெரியும் என்று போனை எடுத்தவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. காலையில் அந்தப் பெண்மணியை நேராக அறுவை அரங்குக்குக் கொண்டுபோனார்கள். ஓட்டையில்லாமல், சூடுபட்டதால் மட்டும் இப்படி வலியும் காய்ச்சலும் வருவதும் உண்டு. அது பெரும்பாலும் மருந்திலேயே அடங்கும். ஆனால் எது எது என்று பரிசோதித்துத்தான் சொல்ல முடியும், போனில் முடியாது.

அப்புறம், குடும்பத்தாரிடம் சொல்வது. கையெழுத்து வாங்கிய தாளில் ஓட்டை விழலாம் என்று ஒரு வரி இருப்பது போதாது. நேர்ந்த அன்றே, செய்த மருத்துவரே வந்து, ஓட்டை விழுந்தது, இப்படி மூடியிருக்கிறோம், இன்னும் இதையெல்லாம் கவனிக்கிறோம் என்று சொல்ல வேண்டும். இப்போது பல இடங்களில் அந்தக் கேள்விகள் எங்களிடம்தான் வருகின்றன. “டாக்டர் வருவார்” என்று எத்தனை முறை சொல்வது?

வீட்டுக்கு அனுப்பும்போது தரும் சீட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கடும் வலி இருந்தால் அழைக்கவும் என்று போட்டு, மாலையோடு மூடிவிடும் புறநோயாளிப் பிரிவின் எண்ணைக் கொடுத்திருப்பார்கள். அந்த எண்ணை மாற்றுங்கள். இரவில் அதை யார் எடுப்பார், எடுத்தவர் யாரை எழுப்ப வேண்டும் என்பதை அடுத்த துறைக் கூட்டத்திலேயே பெயர் போட்டு முடிவு செய்யுங்கள்.

இப்படிக்கு,
எண்டோஸ்கோபி அறைச் செவிலியர் ஒருவர்