அடுத்த ஆண்டுக்கு மட்டும் வேண்டாம்: உள்ளாட்சி மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மன்றத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். நம் ஊரின் போதை மீட்பு சேவைக்கு மறுபடியும் ஓராண்டு நிதி தரலாமா என்று பேசப்போகிறீர்கள். அதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். என் அண்ணன் பதினெட்டு ஆண்டுகள் குடித்தவர். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

குடியை நிறுத்திய மூன்றாம் நாள், டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அப்படியும் பாதித் தண்ணீர் சட்டையில்தான் சிந்தியது. சுவரில் பூச்சி ஊர்கிறது, தட்டிவிடு என்று என்னிடம் கெஞ்சினார். சுவரில் ஒன்றுமே இல்லை. வீட்டிலேயே வைத்துக் குடியை நிறுத்திவிடலாம் என்று நாங்கள்தான் முடிவு செய்திருந்தோம். நெடுநாள் அதிகமாகக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் மனம் குழம்பி, கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம் என்று பிறகுதான் தெரிந்துகொண்டோம். நடுக்கத்தை அடக்க மருந்து இருக்கிறது, மூளையைக் காக்கத் தயமின் என்ற வைட்டமின் பி1 ஊசி இருக்கிறது. எப்போது, எவ்வளவு கொடுப்பது என்று தெரிந்தவர்தான் வேண்டும். மீட்பு சேவைக்கென்று பயிற்சி பெற்று வந்தவர், ஒப்பந்தம் முடிந்து இரண்டு மாதத்துக்கு முன்புதான் ஊரைவிட்டுப் போயிருந்தார்.

ஓராண்டு நிதி என்பது நடைமுறையில் ஓராண்டுகூட இல்லை. ஆள் தேடவே மூன்று மாதம் ஓடிவிடுகிறது. வந்தவரை ஊர் நம்ப இன்னும் சில மாதம். அதற்குள் அவர் அடுத்த வேலை தேட ஆரம்பித்துவிடுகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கும் குடும்பம் இருக்கிறதே. ஆனால் அண்ணன் தன் கதையை, அதுவும் பிள்ளையை அடித்த அந்த ராத்திரி உட்பட, இரண்டு ஆலோசகர்களிடம் முதலிலிருந்து சொல்லி முடித்துவிட்டார். மூன்றாமவர் வந்தபோது வாசல்வரை போய்விட்டுத் திரும்பிவிட்டார். அந்த வாரமே மறுபடி குடித்தார்.

"எத்தனை பேர் அடியோடு நிறுத்தினார்கள்?" என்று போன கூட்டத்தில் ஓர் உறுப்பினர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் ரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுகிறவருக்கு அழுத்தம் திரும்ப ஏறினால் சிகிச்சை தோற்றுவிட்டது என்று யாரும் சொல்வதில்லை, மருந்தை மாற்றுகிறோம். போதையிலிருந்து மீள்பவர்களில் 40 முதல் 60 விழுக்காட்டினர் ஓராண்டுக்குள் மறுபடி தொடங்குகிறார்கள் என்று 2000-இல் வந்த மருத்துவ ஆய்வுக் கட்டுரை ஒன்று காட்டியது. ரத்த அழுத்தம், ஆஸ்துமா போன்ற நாள்பட்ட நோய்களிலும் திரும்ப வருவது இதற்குக் குறைந்ததில்லை என்றது அதே கட்டுரை. எத்தனை பேர் விடாமல் வந்துகொண்டிருக்கிறார்கள், விழுந்தவர் எத்தனை நாளில் திரும்பி வந்தார் என்று கேளுங்கள். எனக்குத் தெரிந்து அதுதான் சரியான கணக்கு.

ஹெராயின் போன்றவற்றில் இது இன்னும் கொடூரம். சில வாரம் நிறுத்தியதும் உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடுகிறது. மையத்திலிருந்து வெளியே வந்தவர் முன்பு எடுத்த அதே அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். முப்பது நாள் தங்கலுக்குப் பணம் கொடுத்து, அதற்குப் பிந்தைய வாரங்களுக்கு ஒன்றும் ஒதுக்காமல் விடுவது அவரை ஆபத்தில் தள்ளுவதுதான். ஹெராயின் ஏக்கத்தை அடக்கக் கொடுக்கும் மெத்தடோன், புப்ரெனார்ஃபின் என்ற இரண்டு மருந்துகளையும் உலக சுகாதார நிறுவனம் 2005-லேயே அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. மருந்துக்குப் பஞ்சமில்லை. அதைத் தொடர்ந்து கொடுக்க ஆளும் இடமும் வேண்டும்.

பணம் எங்கே என்பீர்கள். சிகிச்சைக்குச் செலவிடும் ஒவ்வொரு டாலருக்கும் குற்றமும் வழக்குச் செலவும் குறைவதால் மட்டும் 4 முதல் 7 டாலர் மிச்சமாகிறது என்பது அமெரிக்கத் தேசியப் போதைப் பழக்க ஆய்வு நிறுவனத்தின் மதிப்பீடு. ஆனால் அந்த மிச்சம் உங்கள் கணக்கில் விழாது. காவல்துறைக்கும் நீதிமன்றத்துக்கும்தான் போகும். சிறிய ஊர் தயங்குவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று எனக்குப் புரிகிறது. அதனால்தான் கேட்கிறேன்: மேலே அரசிடம் பங்கு கேட்டு எழுதுங்கள், ஆனால் அந்தப் பதில் வரும்வரை பணியிடத்தைக் காலியாக விடாதீர்கள். ஓர் ஆலோசகர், ஒரு செவிலியர், ஐந்து ஆண்டுக்கு.

இன்னொன்று, இதற்குச் செலவே இல்லை. மீட்பு சேவையைத் தனிப் பலகை மாட்டிய கட்டடத்தில் வைக்காதீர்கள். பொதுச் சுகாதார நிலையத்திலேயே ஓர் அறை கொடுங்கள். காய்ச்சலுக்கு வந்தவரும் அண்ணனும் ஒரே பெஞ்சில் உட்காரட்டும். இப்போது அவர் வியாழன்தோறும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இரண்டரை மணி நேரம் பேருந்தில் நகரத்துக்குப் போய் வருகிறார். நிறுத்திப் பதினான்கு மாதம் ஆகிறது. அதே பேருந்தில், அதே வேலைக்காக, நம் ஊர்க்காரர் இன்னும் மூன்று பேர் வருகிறார்களாம். ஒருவரை ஒருவர் தெரியாததுபோல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே போகிறார்கள்.

கூட்டத்துக்கு நான் வருகிறேன். பேச ஐந்து நிமிடம் கொடுங்கள். அண்ணன் வருவதும் வராததும் அவர் விருப்பம்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி